பணிநீக்கம்: கடிதம் அடிப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டு, அப்புறம் வக்கீலைக் கூப்பிடுவதுதான் முதலாளிகள் செய்யும் பெரிய தவறு. அதற்குள் ஃபைல் கெட்டுப்போயிருக்கும்.

இப்படி ஒரு ஃபைலை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாத மதிப்பீட்டுப் படிவத்தில் மேலாளர் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஜூன் மாதம், வேலைத்திறன் போதாது என்று நீக்கக் கடிதம். நடுவில் மூன்று மெமோ. மூன்றும் ஒரே வாரத்தில் அடித்தவை. ஊழியர் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து ஒன்றில்கூட இல்லை. குறுக்கு விசாரணையில் அந்த மேலாளரிடம் ஒரே கேள்வி போதும்: மார்ச்சில் எழுதியது பொய்யா, ஜூனில் எழுதியது பொய்யா? மனம் நோகக்கூடாது என்று எல்லோருக்கும் நல்ல மார்க் போடும் மேலாளர்களை நான் குறை சொல்லத்தான் செய்வேன். குறையை அன்றே சொல்லியிருந்தால் அந்த ஊழியர் திருத்திக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது, விளக்கம் கேட்காமலே நீக்குவது. நடத்தையையோ வேலைத்திறனையோ காரணம் காட்டி நீக்கும் முன், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 158). எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை என்றாலும், பல நாட்டுச் சட்டங்களில் இதே நெறி உண்டு. சிலர் நோட்டீஸ் கொடுப்பார்கள், ஆனால் அதிலேயே 'குற்றம் நிரூபணமாகிவிட்டது' என்று எழுதிவிடுவார்கள். முடிவை முன்கூட்டியே எடுத்ததற்கு அந்த வரியே சாட்சி.

துன்புறுத்தல் புகார் கொடுத்தவரை 'அவருடைய நன்மைக்காக' வேறு பிரிவுக்கு மாற்றுவதும் ஆபத்து. மூலப் புகார் நிற்காமல் போனாலும், பழிவாங்கினார்கள் என்ற வழக்கு தனியாக நிற்கலாம்.

சரி, வக்கீல்கள் பக்கம் வருவோம். உள் விசாரணையில் ஊழியரைச் சந்திக்கும்போது, தான் யாருடைய வக்கீல் என்பதைப் பலர் சொல்வதில்லை. 'நான் நிறுவனத்தின் வக்கீல், உங்களுடைய வக்கீல் இல்லை. நீங்கள் சொல்வதை வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு' என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும். அப்ஜான் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981இல் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து அங்கே இது வழக்கமாகவே ஆகிவிட்டது. வக்கீலுக்கு ஒரு நகல் அனுப்பினாலே மின்னஞ்சல் ரகசியமாகிவிடும், எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியதில்லை என்று எச்.ஆர். (மனிதவள) பிரிவு நம்புவதையும் வக்கீல்தான் திருத்த வேண்டும். சட்ட ஆலோசனை கேட்காத மடலுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைப்பது கடினம்.

செயற்கை நுண்ணறிவை நம்பி மனு எழுதுவது புதிய தவறு. 2023 ஜூனில் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 5,000 டாலர் அபராதம் விதித்தது. சந்தேகம் எழுந்த பிறகும் அந்தத் தீர்ப்புகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் நிலைமையை மோசமாக்கியது. தீர்ப்புகளைத் தேடியவர் ஒரு வக்கீல், மனுவில் கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். அபராதம் இருவர் மீதும் விழுந்தது.