பச்சிளம் குழந்தை அழுதால் என்ன செய்வது? வரிசையாகப் பார்ப்போம்

குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்ததும் வீட்டில் இருக்கிற நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். பாட்டி உரம் விழுந்திருக்கிறது என்பார், அத்தை பால் பத்தவில்லை என்பார், ஒருவர் ஃபேனைக் கூட்டுவார், இன்னொருவர் கிலுகிலுப்பையைக் காதருகே ஆட்டுவார், நடுவில் பிள்ளை கை மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். பிறந்து சில வாரமே ஆன உயிர் இத்தனையையும் ஒரே நேரத்தில் தாங்காது, அழுகை கூடத்தான் செய்யும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். அதற்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள். சரிவரவில்லையா, அடுத்ததுக்குப் போங்கள்.

முதலில் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். நல்ல ஆரோக்கியமான குழந்தையும் நிறைய அழும். பிறந்த இரண்டாவது வாரம் வாக்கில் அழுகை கூட ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 80 குழந்தைகள் எப்போது எவ்வளவு அழுகின்றன என்று தாய்மார்களைக் குறித்து வைக்கச் சொல்லி, 1962இல் அதை வெளியிட்டார். ஆறு வார வயதில் அந்தக் குழந்தைகள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2¾ மணி நேரம் அழுதிருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் சாயங்காலமும் முன்னிரவும். உங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பிக்கிற அழுகையும் இதே கணக்குதான். உங்கள் வளர்ப்பில் குறை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 1: ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அழுகையா?

இதை முதலில் பார்த்துவிட்டால் மற்றதை நிதானமாகச் செய்யலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) தொட்டாலே நேராக மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டில் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பால் குடிக்க மறுப்பது, உடம்பு துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் விழிக்காமல் இருப்பது, பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, அரையிடுக்கில் வீக்கம், வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்ற குரலில் நிற்காத அழுகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். வண்டி இல்லையென்றால் 108.

படி 2: துணியைக் கழற்றி உச்சி முதல் பாதம் வரை பாருங்கள்

டயபர் நனைந்திருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இடுப்பில் அதன் ரப்பர் இறுக்கிப் பிடித்திருக்கிறதா, தொடையிடுக்கு சிவந்திருக்கிறதா, எறும்போ கொசுவோ கடித்திருக்கிறதா, அரைஞாண் கயிறு அழுத்துகிறதா என்று பாருங்கள். கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முடி கொட்டும், அந்த முடி ஒன்று குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே தடைபடும், சாக்ஸுக்குள் இருந்தால் யார் கண்ணிலும் படாது. விரல் சிவந்து வீங்கியிருந்து முடியை எளிதாக எடுக்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

சூட்டையும் பார்க்க வேண்டும். பச்சைப் பிள்ளை என்று சித்திரை வெயிலிலும் குல்லா, ஸ்வெட்டர் போட்டு வைத்திருப்பார்கள். கை, கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் துணி அதிகம்.

படி 3: பால்

பசி என்றால் அழுகைக்கு முன்பே குழந்தை சொல்லிவிடும். வாயைத் திறந்து தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடும், உதட்டைச் சப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்திலேயே போட்டுவிட்டால் நல்லது. வீறிட்டு அழும்போது மார்பை வாய்க்குள் திணித்தால் நாக்கு மேலே தூக்கிக்கொண்டு இருப்பதால் சரியாகப் பற்றாது, அதனால் கொஞ்சம் தோளில் போட்டு ஆசுவாசப்படுத்திவிட்டுக் கொடுங்கள். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். சாயங்காலத்தில் சில குழந்தைகள் இப்போதுதான் குடித்தது என்று நாம் நினைக்கும்போதே மறுபடி கேட்கும், கொடுங்கள்.

இந்தப் 'பால் பத்தவில்லை' என்ற பேச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எத்தனையோ தாய்மார்கள் நன்றாகச் சுரக்கும் பாலை விட்டுவிட்டு இந்த ஒரு வார்த்தைக்காகப் பவுடர் பாலுக்குப் போயிருக்கிறார்கள், கேட்கவே வருத்தமாக இருக்கிறது. அழுகையை மட்டும் வைத்துப் பால் போதுமா என்று சொல்லவே முடியாது. முதல் வாரம் முடிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா? பிறந்ததும் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்து, அதன்பின் ஏறிக்கொண்டே போகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பால் போதும். இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டி, பிள்ளை மார்பைப் பற்றுகிற விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

படி 4: ஏப்பம்

தோளில் போட்டோ மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துத் தாடையைத் தாங்கிப் பிடித்தோ முதுகைத் தடவிக் கொடுங்கள். பத்து நிமிடம் பார்த்தும் வரவில்லையா, விட்டுவிடலாம். கொஞ்சம் கக்கினால் பயம் வேண்டாம்.

படி 5: தூக்கிக்கொண்டு நடங்கள்

வயிறும் துணியும் சரியாக இருக்கிறது, இன்னும் அழுகிறது என்றால் குழந்தைக்கு வேண்டியது உங்கள் உடம்புதான். மேல்துணி இல்லாமல் டயபரோடு உங்கள் வெறும் நெஞ்சில் நிமிர்த்திப் போட்டு, முகம் வெளியே தெரியும்படி மேலே ஒரு மெல்லிய துணி போர்த்துங்கள். அப்பாவும் செய்யலாம், செய்ய வேண்டும். அப்புறம் எழுந்து நடங்கள். ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிலையத்தின் குமி குரோடா குழு 21 குழந்தைகளை வைத்துச் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் நிற்காமல் ஒரே சீராக நடந்தபோது குழந்தைகளின் அழுகை அடங்கி இதயத் துடிப்பும் தணிந்தது, பாதிக்குப் பாதி தூங்கியும் விட்டன. உட்கார்ந்தபடி சும்மா வைத்திருந்தபோது இது நடக்கவில்லை. ஆகவே ஹாலுக்கும் வாசலுக்கும் நடங்கள், சட்டென்று நிற்காமல், வெடுக்கென்று திரும்பாமல்.

'கைச்சூடு பழகிட்டா இறங்காது' என்று சொல்வார்கள். பயப்படாதீர்கள். 1986இல் கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிகரும் ரொனால்ட் பாரும் செய்த ஆய்வில், அழாத நேரத்திலும் சேர்த்துத் தினமும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறு வார வயதில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன.

படி 6: சத்தம், துணிச் சுற்று, தூளி

கருப்பைக்குள் ரத்தம் ஓடும் இரைச்சலைக் கேட்டே வளர்ந்த பிள்ளை அது. காதுக்கருகே நீளமாக 'உஷ்ஷ்ஷ்' என்று சொல்லிக்கொண்டே இருங்கள், தாலாட்டு தெரிந்தால் பாடுங்கள், தெரியாவிட்டால் 'ரோ ரோ' என்றே இழுங்கள், குரல்தான் முக்கியம். போனில் மழைச் சத்தம் போடுகிறவர்கள் சத்தத்தைக் குறைத்து, குழந்தையை விட்டு ஓர் ஆள் உயரத் தூரத்துக்கு மேல் தள்ளி வையுங்கள்.

பழைய பருத்திப் புடவைத் துண்டில் கையை மடக்கிச் சுற்றலாம். இடுப்பும் காலும் தவளைக் காலாக மடங்கி அசையும்படி தளர்வாக இருக்க வேண்டும், காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகக்கூடும். சுற்றிய பிள்ளையை மல்லாக்க மட்டுமே படுக்க வையுங்கள். புரள முயற்சி செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

தூளியில் ஆட்டினால் அடங்காத பிள்ளை குறைவு, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் துணி விரிந்து நிற்கக் குறுக்கே கம்பு வையுங்கள், தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டு மடங்கிக் கிடந்தால் மூச்சு அடைபடும். யாராவது பக்கத்தில் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும், மெதுவாக ஆட்ட வேண்டும், தூங்கியதும் தரையில் விரித்த சமமான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும்.

படி 7: இறக்கிப் படுக்க வைப்பது

கையில் தூங்கிய பிள்ளை பாயில் முதுகு பட்டதும் அலறும். குரோடா குழுவினர் இதற்கும் ஒரு வழி சொல்கிறார்கள்: தூங்கியதும் உடனே இறக்காமல், உட்கார்ந்து இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் கையிலேயே வைத்திருந்துவிட்டு இறக்குங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம்.

செய்யக் கூடாதவை

பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர்களுடைய எண்ணெய்க் கையும் தாலாட்டும் குழந்தைக்கு வரம். ஆனாலும் சிலவற்றுக்கு உறுதியாக, தன்மையாக, வேண்டாம் என்று சொல்லுங்கள். சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டு வைப்பது: தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து உடம்பையே செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். வசம்பு, உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், எதுவும் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், மருத்துவர் எழுதிக் கொடுக்கிற மருந்து வேறு. உரம் எடுக்கிறேன் என்று புடவையில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகப் பிடிப்பதும் ஆபத்து. திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், மிளகாய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் மட்டும் குழந்தை இருக்கிற அறைக்குள் வரக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடாதீர்கள். கழுத்துக்குப் பலம் இல்லாத வயதில் சில நொடி வேகமாகக் குலுக்கினாலே மூளைக்குள் ரத்தம் கசியும், உயிரே போகும்.

உங்களால் முடியவில்லை என்றால்

எல்லாம் செய்து பார்த்தும் அழுகை நிற்காத சாயங்காலங்கள் வரும். அப்போது குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, பத்து நிமிடம் வெளியே வந்து தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. வீட்டில் யார் இருந்தாலும் முறை வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் நீங்கள், அரை மணி நேரம் அவர்.

அப்பாக்களே, மனைவி இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல், சாப்பிடாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், அழுதுகொண்டே இருந்தால் அதை உடம்புக் களைப்பு என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அவர் தயங்கினால் நீங்களே எண்ணைப் போட்டு போனைக் கையில் கொடுங்கள், பேசி முடிக்கும்வரை குழந்தை உங்கள் தோளில் இருக்கட்டும்.