தண்டியலங்காரத் தாளைப் படிப்பது எப்படி?

பி.ஏ. தமிழில் சேர்ந்த மாணவர்கள் யாப்பைக் கண்டால் மிரளுவார்கள். அணியைக் கண்டு மிரளுவதில்லை. உவமை, உருவகம், நிரல்நிறை எல்லாம் பள்ளியிலேயே பார்த்ததுதானே என்ற தைரியம். மதிப்பெண் கழிவது பெரும்பாலும் இந்த தைரியத்தால்தான். பள்ளியில் ஓர் அணிக்கு ஒரு பாடல், அந்த அணிக்கென்றே பொறுக்கி எடுத்தது. கல்லூரியில் முன்பின் பார்க்காத பாடலைக் கொடுத்து, 35 பொருளணிகளில் இது எது, ஏன் என்று கேட்பார்கள். வரையறை மனப்பாடமாக இருப்பது அங்கே பாதிக்குத்தான் உதவும்.

தண்டியலங்காரம் அணி இலக்கண நூல். அதற்கு மூன்று பகுதிகள்: பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல். வடமொழித் தண்டியின் காவ்யாதர்சத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. எடுத்துக்காட்டுப் பாடல்களில் அனபாயன் என்று இரண்டாம் குலோத்துங்கனின் பெயர் வருவதை வைத்துத்தான் அந்தக் காலக் கணக்கு. முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தன்மையில் தொடங்கிப் பாவிகத்தில் முடியும் 35 பெயர்களையும் அடுக்கித் தரும் நூற்பா. அதன் பிறகு நூலின் வரிசையை விட்டுவிடுங்கள். ஒன்றோடொன்று குழம்பும் அணிகளைக் கூட்டாக எடுத்துப் படியுங்கள்.

முதல் கூட்டு உவமைக் குடும்பம். இதற்கு இரண்டு வாரம் கொடுத்தாலும் தகும். மதிமுகம் என்றால் உவமை. முகமதி என்று திருப்பிப் போட்டால் உருவகம். ஒப்பாகக் காட்டும் பொருள் (இங்கே மதி) முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். அடுத்தது எவ்வளவு மறைந்திருக்கிறது என்பது. 'வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று' என்ற குறளில் 'அற்று' என்ற உருபு வெளிப்படை. 'அகர முதல எழுத்தெல்லாம்' குறளில் இரண்டு தொடர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நடுவே 'அதுபோல' இல்லை. அது எடுத்துக்காட்டு உவமை. இன்னும் ஒரு படி போனால்,

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்

இதில் வண்டி, மயிலிறகு, அச்சு மட்டும்தான் இருக்கின்றன. சொல்ல வந்த பொருள் பாட்டிலேயே இல்லை. 'வலியறிதல்' என்ற அதிகாரத் தலைப்பைப் பார்த்தால்தான், பகைவர் ஒவ்வொருவரும் எளியவரே ஆனாலும் பலர் கூடினால் வலியவனும் முறிவான் என்ற கருத்து பிடிபடும். எனவே இந்த அணியைக் கண்டுபிடிக்கப் பாடலின் இடம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் இதைப் பிறிதுமொழிதல் என்று படித்திருப்பீர்கள். தண்டியலங்கார ஆசிரியர் தண்டி வைத்த பெயர் ஒட்டு. பரிமேலழகரே இந்தக் குறளின் உரையில் பிறிதுமொழிதல் என்று சொல்லிவிட்டு, ஒட்டு என்பாரும் உளர் என்கிறார். இப்படிப் பெயர் மாறும் அணிகளுக்குக் குறிப்பேட்டில் ஒரு தனிப் பக்கம் வையுங்கள். இல்பொருள் உவமை தண்டியில் அபூத உவமை. மேலே சொன்ன வற்றல் மரம் அந்த வகைதான். புகழ்வது போல் இகழும் வஞ்சப்புகழ்ச்சி, தண்டியில் இலேச அணிக்குள் அடங்கும். தண்டியலங்காரத் தாளில் தண்டியின் பெயரை எழுதிவிட்டு மற்றதைப் பக்கத்தில் குறிப்பதே பாதுகாப்பு.

உவமையில் 24 வகைகள் உண்டு. எல்லாவற்றையும் உருப்போட்டுக் களைத்துப் போக வேண்டாம். எது எதோடு ஒப்பு, எந்த அடிப்படையில் ஒப்பு என்று சொல்லத் தெரிந்தால் வகைப்பெயர் பிறகு ஒட்டிக்கொள்ளும். அந்த அடிப்படை தண்டிக்குப் பண்பு, தொழில், பயன் என மூன்று. தொல்காப்பியருக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு. மெய்யும் உருவும் தண்டியின் பண்புக்குள் போய்விட்டன என்று ஒரு வரி எழுதினால் ஒப்பீட்டுக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

'போல்' என்ற சொல்லைப் பார்த்ததும் உவமை என்று எழுதுவது அடுத்த பள்ளம். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' அசைகின்றன. 'போல்' இருக்கிறது, ஆனால் ஒப்பிட இரண்டாவது பொருள் எங்கே? கொடி ஒன்றுதான் இருக்கிறது, கூடவே அது அசைவதற்குக் கவிஞர் கற்பித்த காரணம். இது தற்குறிப்பேற்றம். விடையில் பொருத்தம் எழுதும்போது 'கவிஞர் தம் குறிப்பை ஏற்றியதால் தற்குறிப்பேற்றம்' என்று முடித்தால் வரையறையைத் திருப்பிச் சொன்னதாகத்தான் ஆகும். இப்படி எழுதிப் பாருங்கள்: 'கொடி காற்றில் அசைவது இயல்பு. உள்ளே கோவலனுக்கு நேரப்போவதை அறிந்து, வராதே என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோ அதன்மேல் தம் கருத்தை ஏற்றினார். "வாரல் என்பனபோல்" என்ற தொடர் அந்த ஏற்றத்தைக் காட்டுகிறது.' இயல்பு எது, ஏற்றியது எது, எந்தச் சொல்லில் அது தெரிகிறது என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

முன் வந்த சொல்லோ பொருளோ மீண்டும் வருவது பின்வருநிலை. அதற்குப் பென்சில் போதும். திரும்பத் திரும்ப வரும் சொல்லின் தலைமேல் அந்தந்த இடத்துப் பொருளை எழுதுங்கள். 'எல்லா விளக்கும் விளக்கல்ல' குறளில் நான்கு இடத்திலும் விளக்கு விளக்குதான், சொற்பொருள் பின்வருநிலை. 'துப்பார்க்குத் துப்பாய' குறளில் உண்பவர், நல்லது, உணவு என்று பொருள் மாறிக்கொண்டே போகும், சொல் பின்வருநிலை. 'அவிழ்ந்தன, அலர்ந்தன, நெகிழ்ந்தன' என்று சொல் மாறிப் பூத்தல் என்ற பொருள் மாறாமல் வந்தால் பொருள் பின்வருநிலை.

வரிசையாக நிற்கும் சொற்களை அடுத்து வரும் வரிசையோடு இணைத்துப் பொருள் கொள்வது நிரல்நிறை. அதற்குக் கோடு போடுங்கள். 'அன்பும் அறனும்' குறளில் அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன். கோடு நேராகப் போகும். ஆனால் 'விலங்கொடு மக்கள் அனையர் இலங்குநூல் கற்றாரோடு ஏனை யவர்' என்ற குறளில் நேர்க்கோடு போட்டால் படித்தவர் விலங்காகிவிடுவார்! குறுக்கே போட வேண்டும். அது எதிர்நிரல்நிறை.

தினப் பயிற்சிக்கு ஓர் அதிகாரம், அதாவது பத்துக் குறள். உரையை மூடி வைத்துவிட்டுக் குறியுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். பத்திலும் அணி தேடக் கூடாது. பல குறள்களில் குறிப்பாகச் சொல்லும்படி அணி எதுவும் இருக்காது. எதிலும் ஏதோ ஓர் அணியைப் பொருத்தும் பழக்கம் வந்துவிட்டால் தேர்வில் அதுவே காலை வாரும்.

சொல்லணியியலுக்குக் கட்டம் போட்ட தாள் வாங்குங்கள். பாட்டின் எழுத்துகளைப் படத்துக்குள் அடைக்கும் நாகபந்தமோ கோமூத்திரியோ, வரைந்து எழுத்தை நிரப்பினால் ஒரு மணி நேரத்தில் புரியும்; படித்துப் புரியாது. கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டு வருவது மாலைமாற்று. அதற்கு ஞானசம்பந்தரின் 'யாமாமா நீயாமாமா யாழீகாமா காணாகா' என்ற அடியை எடுத்துக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள். 14 கட்டம் வரும். திருப்பிப் படித்தால் பாட்டின் அடுத்த அடி கிடைக்கும். 'யா' ஒரே எழுத்து. அதைக் காலும் யகரமுமாகப் பிரித்தால் திருப்பும்போது எல்லாம் கலைந்துவிடும். அடியில் ஒரு புள்ளி எழுத்துகூட இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பாவிகத்துக்கு மட்டும் இந்த முறை எதுவும் செல்லாது. அது காப்பியம் முழுவதிலும் பரவி நிற்கும் பண்பு, தனிப்பாடலில் அகப்படாது. கேள்வி வந்தால் சான்றுப் பாடலை நினைவுபடுத்த முயன்று பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். இராமாயணம் என்று எழுதி, பிறன் மனை விரும்பியவன் சுற்றத்தோடு கெடுவான் என்பதே கதை முழுவதிலும் விளங்கும் கருத்து என்று இரண்டு வரியில் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.