முகம் எடுக்க எந்த லென்ஸ்?

ஏற்காட்டுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் பலர் கேமராவோடு வருகிற கிட் லென்ஸை அதன் மிக அகலமான 18 மி.மீ.யில் வைத்துக்கொண்டு முகத்துக்கு ஓரடி பக்கத்தில் போய்விடுகிறார்கள். மூக்கு பெருத்து, காது பின்னால் போய், அழகான முகம்கூட வேறு யாரோ போல ஆகிவிடுகிறது. காரணம் தூரம்தான். 6, 7 அடி தள்ளி நில்லுங்கள், அங்கிருந்து முகமும் தோளும் நிறைவாக வருகிற லென்ஸை எடுங்கள்: ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கேமரா) என்றால் 85 மி.மீ., ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) என்றால் 50. லென்ஸ் திறப்பு எஃப் 1.8 போதும் (எண் குறைந்தால் திறப்பு பெரிது), 1.4க்காகக் கூடுதல் பணம் வேண்டாம். அப்புறம், ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் பொழுது சாயும்போது முழுதாகத் திறந்து எடுத்தால் கீழே சேலத்து விளக்குகள் வட்ட வட்டமாகக் கரையும், ஆனால் ஆள் கொஞ்சம் திரும்பினாலும் ஒரு கண் மங்கிவிடும், அப்போது 2.8க்கு வாருங்கள், கேமராவுக்குக் கிட்டே இருக்கிற கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.