பேக்கப் டிரைவில் இடம் தீராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

எக்ஸ்டர்னல் டிரைவ் நிரம்பியதும் பல பேக்கப் மென்பொருள்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும். மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்து மறையும், அவ்வளவுதான். கணினி பழுதாகும் நாளில்தான், கடைசி பேக்கப் நான்கு மாதம் பழையது என்று தெரியவரும்.

டிரைவ் வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். 1 டிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் அதை 931 ஜிபி என்றே காட்டும். தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஐ மும்முறை பெருக்கி எண்ணுகிறது. இடம் எங்கும் திருட்டுப்போகவில்லை.

உங்கள் டேட்டா 400 ஜிபி, தினமும் மாறுவது 3 ஜிபி என்று கொள்வோம். மாதம் ஒரு முழு பேக்கப், மற்ற நாட்களில் மாறியதை மட்டும் சேர்க்கும் இன்கிரிமென்டல் பேக்கப் என்றால், ஒரு மாதத் தொகுப்புக்கு ஏறக்குறைய 490 ஜிபி. கடந்த 30 நாட்களில் எந்த நாளுக்கும் திரும்ப முடிய வேண்டுமானால், புதிய தொகுப்பு முடியும்வரை பழையதையும் வைத்திருக்க வேண்டும். ஆக 980 ஜிபி. 1 டிபி டிரைவில் அது அடங்காது. டேட்டாவைப் போல இரண்டரை மடங்கு இடம் என்பது குறைந்தபட்சம். மூன்று மடங்கு இருந்தால் நிம்மதி.

இடம் போதவில்லை என்று ஏதாவது ஒரு இன்கிரிமென்டல் ஃபைலைக் கையால் அழிப்பதுதான் இதில் நடக்கும் மிகப்பெரிய தவறு. அவை சங்கிலிபோல ஒன்றையொன்று நம்பி இருப்பவை. நடுவில் ஒன்று போனால் அதற்குப் பிந்தையவை பயன்படாது. முழு பேக்கப்பே போனால் மொத்தமும் போச்சு. அழிப்பதை எப்போதும் அந்த மென்பொருளின் வழியாகவே செய்யுங்கள்.

விண்டோஸோடு வரும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி, நீங்கள் மாற்றாதவரை, பழைய பிரதிகளை என்றென்றைக்கும் வைத்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பிரதிகளை வைத்திருக்கும் காலத்தை ஆறு மாதமாகவோ, இடம் தேவைப்படும்வரை என்றோ மாற்றுங்கள். அதே பக்கத்தில் உள்ள 'கிளீன் அப் வெர்ஷன்ஸ்' பழைய பிரதிகளை உடனே நீக்கும். அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேர்த்துவைக்கும் பிஎஸ்டி போன்ற பெரிய ஒற்றை ஃபைல்கள் இங்கே தனித் தலைவலி: 10 ஜிபி ஃபைலில் ஒரு மின்னஞ்சல் கூடினாலும் 10 ஜிபியும் புதிதாகப் பிரதியாகும். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஃபைல்களும் அப்படியே. இவற்றை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு வாரம் ஒருமுறை தனியாக நகலெடுங்கள்.

மேக்கில் அதனுடனே வரும் பேக்கப் வசதியான டைம் மெஷின் இதைத் தானே கவனித்துக்கொள்ளும். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கொன்று என வைத்திருந்து, இடம் தீர்ந்தால் மிகப் பழையதிலிருந்து நீக்கும். ஆனால் விட்டால் டிரைவ் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். வேறு ஃபைல்களுக்கும் இடம் வேண்டுமென்றால், டிஸ்க் யுடிலிட்டியில் ஏபிஎஃப்எஸ் (மேக்கின் டிரைவ் ஃபார்மேட்) வால்யூம், அதாவது டிரைவின் ஒரு பகுதி, உருவாக்கும்போதே 'சைஸ் ஆப்ஷன்ஸ்' பகுதியில் உச்சவரம்பு வைத்துவிடுங்கள். சினிமாவையும் பேக்கப்பையும் ஒரே டிரைவில் போடாமல் இருப்பது இன்னும் நல்லது.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர், பிரவுசர் கேஷ், மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய கேம்கள் எதுவும் பேக்கப்பில் இருக்க வேண்டியதில்லை. கம்ப்ரஷனை அதிகம் நம்ப வேண்டாம்: ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அவற்றில் மிச்சமாவது சொற்பம். ஆவணங்கள்தான் நன்றாகச் சுருங்கும்.

டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருந்தால், காலி இடம் எவ்வளவு இருந்தாலும் 4 ஜிபியைத் தாண்டும் ஃபைல் ஏறாது. 'ஃபைல் மிகப் பெரியது' என்பது போன்ற பிழைச் செய்தி வந்து குழப்பும். விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், மேக்குக்கு ஏபிஎஃப்எஸ். ஃபார்மேட் மாற்றினால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

சாதாரண ஃபைல்களை அழித்த பிறகும் காலி இடம் கூடவில்லையா? எக்ஸ்டர்னல் டிரைவிலும் மறைந்த ரீசைக்கிள் பின் ஒன்று இருக்கிறது. டிரைவைச் செருகியபடியே ரீசைக்கிள் பின்னை, மேக்கில் டிராஷை, காலி செய்தால்தான் இடம் திரும்பும்.