தடைக்காலத்தில் டேட்டாபேஸ் பழகுவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம்; எங்கள் மண்டபம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வலையின் கிழிசல்களைச் சரிசெய்வார்கள். நான் வேலை பார்க்கும் மீன் கொள்முதல் கம்பெனிக்கு நாட்டுப்படகுச் சரக்கு மட்டும் வரும். அங்கே கொள்முதல் கணக்கைச் சேமித்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. எனக்கும் இதுதான் பழுது பார்க்கும் பருவம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களையும் அந்த இரண்டு மாதத்தில்தான் உட்காரவைப்பேன்.

எடுத்த எடுப்பில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். தரவை டேபிள்களாக, அதாவது அட்டவணைகளாக, வைக்கும் முறைக்கு அடிப்படை போட்ட எட்கர் காட் 1970-இல் எழுதிய உறவுநிலை மாதிரிக் கட்டுரையைப் பிறகு படிக்கலாம்; கை சுட்ட பிறகு படித்தால் நன்றாகவே புரியும். முதலில் நேற்றைய பேக்கப்பை எடுத்து, எதுவும் இல்லாத ஒரு பழைய கணினியில் திருப்பிப் போடுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி ஒருநாள் கேட்கப்போவது அந்த நேரத்தைத்தான்.

நான் முதல்முறை செய்தபோது திரை முழுக்கப் பிழைச் செய்தி. டேபிள்கள் வந்திருந்தன, அவற்றுக்கு உரிமையான பயனர்களைக் காணோம். பேக்கப் எடுக்கும் ‘பிஜி டம்ப்’ கட்டளை ஒரு தரவுத்தளத்தை மட்டும்தான் எடுக்கும். பயனர்களும் கடவுச்சொற்களும் அதற்கு வெளியே இருப்பவை. அவற்றை ‘பிஜி டம்ப்ஆல்’ கட்டளையில் ‘குளோபல்ஸ் ஒன்லி’ சேர்த்துத் தனியாக எடுக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு இரவும் பாதி பேக்கப்பை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஏற்றி முடித்ததும் வரிசைகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். கணக்கப்பிள்ளையின் நோட்டை வாங்கி, கடைசியாக வந்த படகின் பட்டுவாடாத் தொகை பைசா பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. புயல் வராவிட்டாலும் உப்புக்காற்று இருக்கிறது. இங்கே கணினியின் திருகாணிகூடத் துருப்பிடிக்கும்.

அடுத்தது வினவல்களின், அதாவது தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்விகளின், வேகம். வினவலுக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின்’ போட்டால், கேட்ட விவரத்தை எந்த வழியில் தேடப்போகிறது என்று போஸ்ட்கிரெஸ் சொல்லும். ‘எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்’ போட்டால் உண்மையாகவே ஓட்டிப் பார்த்து நேரத்தையும் சொல்லும். ‘உண்மையாகவே’ என்ற சொல்லை நான் அன்று சரியாகப் படிக்கவில்லை. பழைய பதிவுகளை நீக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அறிய, டெலீட் கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டேன். நேரம் அழகாக வந்தது. பதிவுகள் போய்விட்டன. இரண்டு வருட இறால் கொள்முதல்! முந்தைய இரவின் பேக்கப்பை வேறு பெயரில் ஏற்றி, அந்த வரிசைகளை மட்டும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பொழுது விடிந்தது.

அன்றிலிருந்து எதை அழிப்பதானாலும் முதலில் ‘பிகின்’; அதைப் போட்டால், அடுத்துச் செய்வது நாம் உறுதிசெய்யும்வரை நிரந்தரமாகாது. பிறகு டெலீட். எத்தனை வரிசை என்று திரை சொல்லும் எண்ணைப் பார்ப்பேன். 4 என்று எதிர்பார்த்த இடத்தில் 4,000 வந்தால் ‘ரோல்பேக்’ போட்டுப் பழையபடி ஆக்குவேன்; சரியாக இருந்தால் மட்டும் ‘கமிட்’ போட்டு உறுதிசெய்வேன்.

சொல்லிக்கொடுப்பதற்கு மீனே போதும். போன வருடம் பயிற்சிக்கு வந்த தங்கச்சிமடத்துப் பெண், “சாளை, மத்தி இரண்டுக்கும் ஏன் அக்கா ஒரே விலை?” என்று கேட்டாள். இரண்டும் ஒரே மீன். இங்கே சாளை, கேரள வியாபாரிக்கு மத்தி. ரகத்துக்கு ஒரு டேபிள், அதன் பெயர்களுக்கு இன்னொன்று, கொள்முதலில் ரக எண் மட்டும் என்று பத்து வரிசையில் எழுதிக் காட்டினேன். ஒரு விவரத்தை ஒரே இடத்தில் மட்டும் வைக்கும் இந்த முறைக்கு இயல்பாக்கம் என்று தனியே ஒரு பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. உதாரணத்துக்கு எடுக்கும் வரிசைகளில் மீனவர்களின் உண்மையான பெயரோ போன் எண்ணோ வங்கிக் கணக்கோ வேண்டாம். படகு அ, படகு ஆ போதும்.

குறிப்பு எழுதினால் நான்கு விஷயம் இருக்கட்டும்: என்ன கட்டளை, மென்பொருளின் எந்தப் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தி எழுத்துப் பிசகாமல், கடைசியில் எது பலித்தது. அன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நாம் புத்திசாலியாகத் தெரியும்படிதான் எழுதுவோம்.

எழுதிய குறிப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். இதுதான் கஷ்டம். அந்தப் பெண் என் குறிப்பை வைத்து பேக்கப்பை ஏற்றியபோது மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். அதே பிழை, அதே பயனர்களைக் காணோம். பட்ட அடியைக் கதையாக எல்லோரிடமும் சொன்ன நான், நோட்டில் பயனர்களைத் தனியாக எடுக்கும் அந்தக் கட்டளையை எழுதவேயில்லை. பென்சிலை அவளிடம் கொடுத்தேன். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில், இடமில்லாமல் நெருக்கி, அவள் கையெழுத்தில் அது இருக்கிறது.