வேக் அப், கெட் அப், அவேக்: எதை எங்கே சொல்வது?

"காலை ஆறு மணிக்கு எழுந்தேன்" என்கிறோம். கண் விழித்தது ஆறு மணிக்கா, பாயை விட்டு எழுந்தது ஆறு மணிக்கா என்று தமிழில் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வினைகள் இருக்கின்றன.

படி 1: கண் விழிப்பது 'வேக் அப்'. படுக்கையை விட்டு எழுவது 'கெட் அப்'. 'ஐ வோக் அப் அட் ஃபைவ், பட் ஐ காட் அப் அட் சிக்ஸ்' என்றால், ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, ஆறு மணிவரை புரண்டுகொண்டிருந்தேன் என்று பொருள். அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி போர்த்திக்கொள்பவர்களுக்கு இந்த வாக்கியம் அன்றாடம் உதவும்.

படி 2: வினையின் மூன்று வடிவங்கள்: வேக், வோக், வோக்கன். மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

படி 3: பலரும் தடுமாறும் இடம் இது. தானாக விழித்தால் 'விழித்தான்', இன்னொருவரை என்றால் 'எழுப்பினான்' என்று தமிழ் பிரித்துச் சொல்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வேக் அப்'தான். இரவு ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம், விழுப்புரம் வந்ததும் எழுப்பிவிடும்படி கேட்க வேண்டும். 'வேக் அப் மீ' என்றால் அவருக்குப் புரியும். ஆனால் இலக்கணப்படி தவறு. 'ப்ளீஸ் வேக் மீ அப் அட் விழுப்புரம்' என்பதே சரி. மீ, ஹிம், ஹர், தெம் எல்லாம் நடுவில்தான் வர வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை: 'வேக் தி பேபி அப்', 'வேக் அப் தி பேபி' இரண்டும் சரியே. தூங்குகிற குழந்தையை எழுப்பலாமா என்பது வேறு விஷயம்.

படி 4: 'அவேக்' பெரும்பாலும் நிலையைச் சொல்லும். 'ஆர் யூ அவேக்?' என்றால் 'விழித்திருக்கிறாயா?' 'தி சைல்ட் இஸ் அவேக்' எனலாம். 'அன் அவேக் சைல்ட்' என்பது வழக்கில் இல்லை. துளியும் தூக்கமில்லை என்றால் 'வைட் அவேக்'.

'அவேக்கன்' ஏட்டுச் சொல்; ஆர்வத்தையோ சந்தேகத்தையோ கிளப்புவதற்குப் பொருந்தும். வீட்டில் 'அவேக்கன் மீ அட் சிக்ஸ்' என்றால் நாடக வசனமாகிவிடும்.

செய்தித்தாளில் வரும் 'இன் தி வேக் ஆஃப்' இந்தக் குடும்பமே அல்ல. அது கப்பல் சென்ற பின் நீரில் தெரியும் தடத்தைக் குறிக்கும் சொல். 'அதைத் தொடர்ந்து' என்று பொருள்.

பயிற்சிக்கு இரண்டு: 'அவளை எழுப்பாதே', 'நான் இன்னும் விழித்திருக்கிறேன்'. விடைகள்: 'டோன்ட் வேக் ஹர் அப்', 'ஐ ஆம் ஸ்டில் அவேக்'.