‘ஹேவ்’ என்னும் ஆங்கில வினையைக் கையாளும் முறை

‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’, ‘என்னிடம் பணம் இருக்கிறது’, ‘வீட்டில் மூன்று அறைகள் உள்ளன’ என்று உறவுக்கும் கைப்பொருளுக்கும் இடத்துக்கும் தமிழில் வெவ்வேறு வேற்றுமை உருபுகளை ஆளுகிறோம். ஆங்கிலமோ இம்மூன்றிலும் உருபேற்ற பெயரையே எழுவாயாக்கி, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஹேவ் மனி’, ‘தி ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்’ என ஒரே வினையால் முடித்துவிடுகிறது. ஆகவே, ‘ஹேவ்’ வினைக்கு நேரான ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுவதைவிட, அதை அடுத்து என்ன வருகிறது என்று பார்ப்பதே பயனுள்ள வழி.

அடுத்து வருவது உடைமை, உறவு, நோய் போன்றவற்றைக் குறிக்கும் பெயரானால், அங்கே ‘ஹேவ்’ ஒரு நிலையைச் சொல்கிறது. அந்நிலைக்குத் தொடர்வினை வடிவம் பொருந்தாது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று நம்மிடையே பரவலாகக் கேட்கும் தொடர் பொது ஆங்கில வழக்கில் பிழையாகவே கொள்ளப்படும். ஆனால், ‘ஹேவிங்’ என்பதே தவறு என்று அதை அடியோடு விலக்குவதும் சரியன்று. உண்ணுதல், குளித்தல், கூட்டம் நடத்துதல் என ஒரு செயலைக் குறிக்கும்போது ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’, ‘தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்று தயங்காமல் எழுதலாம்.

அடுத்து வருவது வினையின் மூன்றாம் வடிவமானால், ‘ஹேவ்’ துணைவினையாகிறது. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்பதற்குச் ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பது பெரும்பாலும் பொருந்தும். இந்தப் பொருத்தமே ஒரு பிழைக்கும் வழிவகுக்கிறது. தமிழில் ‘நேற்றே பார்த்துவிட்டேன்’ என்று காலம் குறித்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘எஸ்டர்டே’ போன்று முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் வந்தால் ‘ஹேவ் சீன்’ வராது, ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’ என்றே வரும். ‘ஹேட் ஹேட்’ என்று இரட்டித்து வருவதை அச்சுப்பிழை என்று கருதிவிட வேண்டாம். முன்னது துணைவினை, பின்னது முதன்மை வினை.

‘டு’ அடுத்து வந்தால் கட்டாயம். ‘ஐ ஹேவ் டு கோ’ என்றால் ‘நான் போக வேண்டும்’. பேச்சில் இந்த ‘ஹேவ்’ ஏறத்தாழ ‘ஹாஃப்’ என்று ஒலிக்கும். இதன் எதிர்மறையில்தான் மிகுந்த கவனம் தேவை. ‘நீ வர வேண்டாம்’ என்னும் தமிழ்த் தொடர் இடத்துக்கேற்பத் தடையாகவும் இருக்கலாம், சலுகையாகவும் இருக்கலாம்; ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வந்தாக வேண்டிய கட்டாயமில்லை, விரும்பினால் வரலாம். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக்கூடாது. கைப்பேசியைத் தடைசெய்யும் அறிவிப்பில் முன்னதை எழுதினால், படிப்பவர் தாராளமாகக் கைப்பேசியோடு உள்ளே வருவார்.

வினாவிலும் எதிர்மறையிலும் ‘டஸ்’, ‘டிட்’ வந்தபின் முதன்மை வினை ‘ஹேவ்’ என்றே நிற்கும்: ‘டஸ் ஷீ ஹேவ் எ பென்?’ சரி, ‘டஸ் ஷீ ஹேஸ்’ தவறு. ‘ஹேவ் யூ எ பென்?’ என்பது பழைய பிரித்தானிய வழக்கு. இன்று எழுதுவோர் அதைத் தவிர்ப்பது நல்லது.

பாடநூல்களில் பலர் அவசரமாகக் கடந்துவிடும் இன்னொரு அமைப்பும் உண்டு. ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோலை நானே எடுத்து வெட்டினேன் என்று பொருள்படும். முடிதிருத்துபவரிடம் சென்று வெட்டிக்கொண்டதைச் சொல்ல, ‘ஹேவ்’ வினைக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் இடையே பொருளை வைத்து, ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்று அமைக்க வேண்டும். வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியதற்கும், சட்டை தைக்கக் கொடுத்ததற்கும், பல் பிடுங்கிக்கொண்டதற்கும் இதே அமைப்புத்தான்.